ஒத்துக்கொண்டவர் டீ வாங்க வேண்டும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் ஒரு பெரிய நாடு வருகிறது. அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகாது. அது எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். ஆனாலும் என் மனைவி, "எதுக்கும் இருக்கட்டும், பேரைப் போடாதீங்க" என்று சொல்லியிருக்கிறாள். வீட்டில் சமாதானம் இருந்தால்தான் உலக சமாதானத்தைப் பற்றி நிம்மதியாக எழுத முடியும்.

நான் திருவனந்தபுரத்தில், சாலை என்று பெயர் கொண்ட பஜாரில், இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவன். ஆணி, போல்ட், நட்டு, பைப், தாழ்ப்பாள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து போட்ட கடை. பக்கத்துக் கடையில் கயிறு, சாக்கு, தார்ப்பாய். அதன் முதலாளி மலையாளி. நான் அவரைச் சேட்டன் என்பேன், அவர் என்னை அண்ணாச்சி என்பார். இரண்டுக்கும் அர்த்தம் மூத்தவர் என்பதுதான். எங்களில் யார் மூத்தவர் என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து ஏற்படவில்லை.

வேறு எதிலும்கூட ஏற்பட்டதில்லை. முப்பது வருஷமாகக் காலை பதினோரு மணிக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே பேப்பரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு, வெளிநாட்டு விவகாரம் பேசுவோம். பேசத் தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒரு விதி போட்டுக்கொண்டோம். "நீங்க சொன்னது சரி" என்று யார் முதலில் ஒத்துக்கொள்கிறாரோ அவர் இரண்டு பேருக்கும் டீ வாங்க வேண்டும். அன்றிலிருந்து அவரவர் டீயை அவரவரே வாங்கிக் குடித்து வருகிறோம்.

எங்களை மட்டும் பார்த்துச் சிரிக்க வேண்டாம். இந்த ஊரே அப்படித்தான். கடலுக்கு அப்பால் எங்கேயோ ஒரு ஜனாதிபதிக்குத் தலைவலி என்றால் கிழக்கேகோட்டையில் ஊர்வலம் புறப்பட்டுவிடும். எங்கள் தெருக் குழாயில் ஒரு வாரம் தண்ணீர் வராதபோது மனுக் கொடுக்கப் போனவர்கள் ஏழு பேர். அதே வாரம், பெயரை உச்சரிக்கவே நாக்கு சுளுக்கும் ஒரு நாட்டுக்காகப் போன ஊர்வலத்தில் ஆட்டோக்கள் அரை மணி நேரம் நின்றன. நானும் குடத்தை வைத்துவிட்டு ஊர்வலத்தைத்தான் பார்க்கப் போனேன்.

சேட்டனுக்கு அந்தப் பெரிய நாட்டைக் கண்டால் ஆகாது. உலகத்தில் எங்கே குண்டு விழுந்தாலும், எங்கே விலை ஏறினாலும், சாலையில் கயிறு வியாபாரம் படுத்தாலும் அந்த நாடுதான் காரணம். "எல்லாத்துக்கும் பின்னால அவன் உண்டு அண்ணாச்சி" என்பார். எனக்கு அந்த நாட்டின் மேல் தனிப் பிரியம் ஒன்றும் கிடையாது. அவர் எதிர்த்ததால் நான் ஆதரித்தேன். பெஞ்சில் இன்னொரு பக்கமும் ஆள் வேண்டாமா? முப்பது வருஷம் ஆதரித்ததற்கு அந்த நாடு எனக்கு ஒரு காலண்டர்கூட அனுப்பியதில்லை.

பிறகு போன் வந்தது. அதைப் பற்றியும் எனக்குக் கருத்து உண்டு. என் கடையில் அரை இஞ்ச் பைப் கேட்டால், அது எந்த ஊரில் செய்ததாக இருந்தாலும் அரை இஞ்ச் எல்போ இணைப்பில் போய்ப் பொருந்தும். என் அப்பா விற்ற நட்டு இன்றைக்கும் நான் விற்கும் போல்ட்டில் ஏறும். ஆனால் இந்தப் போன்காரர்கள் இருக்கிறார்களே, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சார்ஜர் முனையை மாற்றுவார்கள். என் வீட்டு அலமாரியில் ஒரு டப்பா நிறைய ஒயர் கிடக்கிறது, ஒன்றுகூட எதற்கும் பொருந்தாது. ஒரு சார்ஜர் முனையில் ஒற்றுமைக்கு வர முடியாதவர்களை நம்பித்தான் அணுகுண்டைக் கொடுத்து வைத்திருக்கிறோம் என்று நான் ஒருநாள் பெஞ்சில் சொன்னேன். சேட்டன் ஒத்துக்கொள்ள வாயைத் திறந்தார். விதி நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார்.

அவருடைய போன் அவருடைய மகள் அனுப்பியது. மகள் எங்கே இருக்கிறாள் என்று கேட்கிறீர்களா? அந்தப் பெரிய நாட்டில்தான். கல்யாணமாகி மாப்பிள்ளையோடு அங்கே போய் வேலையும் தேடிக்கொண்டாள். அந்த நாட்டுப் போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் சேட்டன் தினமும் அந்த நாட்டைக் கண்டித்து நாலு பேர் படிக்கும்படி எழுதுவார். டைப் அடிக்க வராது. போனின் மைக்கை அமுக்கிக்கொண்டு மலையாளத்தில் முழங்குவார், அது எழுதிக் கொடுக்கும். முழங்கி முடித்து எனக்கு முதலில் காட்டுவார். நான் படித்துவிட்டு "முழுக்கத் தப்பு" என்பேன். உடனே திருப்தியாகப் பொத்தானை அமுக்கிப் போஸ்ட் போட்டுவிடுவார்.

இப்படியே போயிருக்கும். அந்தப் பெண் உண்டானாள். அதற்கு முந்தைய வருஷம் ஒன்று உண்டாகி, ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போயிருந்தது. அவளுக்கு அம்மா இல்லை. சேட்டனின் மனைவி போய் ஆறு வருஷமாகிவிட்டது. இந்தத் தடவை அப்பா பக்கத்தில் இருந்தால்தான் தைரியமாக இருக்கும் என்று அவள் போனில் அழுதிருக்கிறாள். சேட்டன் மறுநாள் பெஞ்சில் பேப்பரைப் பிரிக்கவே இல்லை.

"அண்ணாச்சி, அவன்ட நாட்டுக்கு நான் போகணும்" என்றார். தண்டனை கிடைத்தவர் மாதிரி இருந்தது குரல்.

விசா படிவத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. போனில் எங்கெங்கே, என்னென்ன பெயரில் எழுதுகிறீர்கள் என்று அதில் ஒரு கேள்வி. சேட்டன் பொய் சொல்ல மாட்டார். உண்மையைப் போட்டார். போட்ட பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம்: சென்னையில் நேர்காணல் அறையில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அதிகாரி, அவருடைய மேஜை மேல் சேட்டனின் ஆறு வருஷக் கண்டனங்கள், அடுக்கி, நூல் கட்டி. அழித்துவிடுவது என்று முடிவானது.

நேர்காணலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. பஜார் அடைப்பு. அவர் கடை ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே போய், தார்ப்பாய் சுருள்கள் மேல் உட்கார்ந்தோம். வேலை லகுவானதுதான். ஒவ்வொரு போஸ்ட்டாக எடுத்து அழிக்க வேண்டும், அவ்வளவே. ஆனால் அவர் எதையும் படிக்காமல் அழிக்க மாட்டேன் என்றார். படித்தால் எனக்குக் கேட்கும். கேட்டால் எனக்குக் கருத்து வரும். முதல் முப்பதுவரை நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒவ்வொன்றை அழிக்கும்போதும் அவர் "போட்டே" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டார். போகட்டும் என்று அர்த்தம். எனக்கே கஷ்டமாக இருந்தது.

முப்பத்தொன்றாவது, பழைய யுத்தம் ஒன்றைப் பற்றியது. அதைப் படித்து முடித்ததும் நான் சொன்னேன்: "இதை அழிக்கறது நல்லதுதான் சேட்டா. அன்னைக்கே தப்பாத்தானே எழுதினீங்க."

அவர் விரல் நின்றது. "எந்து தப்பு?"

"எண்ணெய்க்காகத்தான் போனான்னு எழுதியிருக்கீங்களே, அது."

"பின்ன எதுக்குப் போனான், சாயா குடிக்கவோ?"

அவ்வளவுதான். ஒரு மணி நேரம் அந்தக் கடையில் அந்த யுத்தம் மறுபடி நடந்தது. நான் ஒரு குண்டு போட்டால் அவர் இரண்டு போட்டார். கடைசியில் எழுந்து நின்று, போன் மைக்கை அமுக்கி, எனக்குப் பதிலாக உலகத்துக்கே ஒரு பதில் சொன்னார். அவர் சொன்னதிலேயே நீளமானதும் அழகானதும் அதுதான். பொத்தானை அமுக்கிப் போட்டுவிட்டு ஷட்டரை இறக்கினார். இருவரும் போய் ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனோம்.

வீட்டில் மனைவி கேட்டாள்: "எல்லாத்தையும் அழிச்சாச்சா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழிக்கப் போனவர்கள் புதிதாக ஒன்று எழுதிவிட்டு வந்திருக்கிறோம்.

உடனே அவருக்குப் போன் செய்தேன். அவர் அதையும், மீதி இருந்ததையும் படிக்காமலே அன்றைக்கே அழித்துவிட்டார். ஆனால் அதற்குள் எத்தனையோ பேர் படித்து, எடுத்து, அனுப்பியிருந்தார்கள். மறுநாள் சாயங்காலம் கிழக்கேகோட்டையில் நடந்த ஒரு தெருமுனைக் கூட்டத்தில் யாரோ அதை மைக்கில் வாசித்தார்கள். பெயரோடு, கடைப் பெயரோடு. வாசித்ததை இன்னொருவர் வீடியோ எடுத்து அனுப்பினார். சேட்டன் என் கடை வாசலில் நின்று அந்த வீடியோவைக் காட்டினார். கூட்டம் கை தட்டியது. அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை வந்தது, உடனே போய்விட்டது.

"போஸ்ட்டை அழிக்கலாம். மைக்கில வந்ததை எங்ஙனே அழிக்க?" என்றார்.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைக்கு நான் வாய் தவறி அவரைச் சீண்டவில்லை. தெரிந்தே சீண்டினேன். அந்த போஸ்ட்டுகள் ஒவ்வொன்றாகப் போவதைப் பார்க்கப் பார்க்க, இந்த மனுஷன் போய்விடப் போகிறார் என்பது எனக்கு அப்போதுதான் நிஜமாகத் தெரிந்தது. ஆறு மாதம் என்று போவார். பேரப்பிள்ளை முகத்தைப் பார்த்தால் திரும்பி வருவாரா? எனக்குள் ஒரு கெட்டவன், விசா கிடைக்காவிட்டால்தான் என்ன என்று கேட்டான். அந்தக் கெட்டவன்தான் யுத்தத்தை ஆரம்பித்தது.

அந்தக் குற்ற உணர்ச்சியில் சென்னைக்கு நானும் வருகிறேன் என்றேன். தம்பானூரில் ரயில் ஏறினோம். நாகர்கோவிலைத் தாண்டும்போது பக்கத்து சீட்டுக்காரர் ஒருவர் உலக நிலவரம் பற்றி ஏதோ சொன்னார். சேட்டன் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அந்த ஆளுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போதுதான் கவனித்தேன், சேட்டன் சொல்லியிருக்கக்கூடியதை அப்படியே நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேர்காணல் நடக்கும் இடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. என்னிடம் கொடுத்துவிட்டுக் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றார். நான் எதிரே நடைபாதையில் ஒரு மர நிழலில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவருடைய போன் அடித்தது. மகள். எடுக்கலாமா என்று யோசித்து, எடுத்தேன். திரையில் அவள் முகம் வந்தது. சாலையில் எங்கள் இரண்டு கடைக்கும் நடுவே ஸ்கூல் பையோடு ஓடித் திரிந்த பெண். கண்ணெல்லாம் உள்ளே போய், கன்னம் ஊதி இருந்தது.

"அண்ணாச்சி மாமா, அச்சன் உள்ள போயாச்சா?"

"போயாச்சு மோளே. பயப்படாதே."

"அந்த வீடியோ நானும் கண்டு. நல்லா இருந்து." சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "அச்சன் இங்க வந்து என்ன வேணும்னாலும் திட்டட்டும் மாமா. எனக்கு ராத்திரி முழுக்கப் பயமா இருக்கு. அச்சன் வந்தா போதும்."

நான் ஏதோ சொல்லி வைத்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. உலகத்தில் எந்த நாடு யாருக்கு என்ன அநியாயம் செய்தது என்று முப்பது வருஷம் தீர்ப்புச் சொன்ன ஆள், பக்கத்துக் கடைக்காரரின் மகளை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கவில்லை. விசா கிடைக்க வேண்டும் என்று அந்த மரத்தடியில் நின்று வேண்டிக்கொண்டேன். சாலையில் இருக்கும் அத்தனை சாமிக்கும் தேங்காய் உடைப்பதாகச் சொன்னேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்தார். முகம் விழுந்து கிடந்தது.

"கிடைக்கலையா?"

"கிட்டி."

"என்னது?"

"கிட்டி அண்ணாச்சி. விசா கிட்டி."

"பின்ன ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். "உள்ள ஒரு பொண்ணு. எதுக்குப் போறேன்னு கேட்டா. மகள் பிரசவத்துக்குன்னு சொன்னேன். எப்ப திரும்பி வருவேன்னு கேட்டா. ஆறு மாசம்னேன். கங்கிராஜுலேஷன்ஸ் சொல்லிட்டு அடுத்த ஆளை விளிச்சா. அவ்வளவே உள்ளூ."

"ஒண்ணும் கேட்கலையா?"

"ஒரு வரி கேட்கல. எண்ணெய் பத்திக் கேட்பான்னு ரெண்டு நாளா இங்கிலீஷ்ல பதில் பாடம் பண்ணி வச்சிருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. அவரும் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுச் சிரித்தார். ஆறு வருஷமாக அந்த வல்லரசை அவர் தினமும் தாக்கியிருக்கிறார், அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உலகத்தில் அவர் எழுதியதை ஒரு வரி விடாமல், எழுத்தெண்ணிப் படித்த எதிரி நான் ஒருத்தன்தான். மகளைக் கூப்பிட்டு போனை அவர் கையில் கொடுத்தேன். அவர் பேசிய முதல் வார்த்தை அழுகையாகத்தான் வந்தது.

போனார். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, பெண். படம் வந்தது. என் மனைவி அதைப் பஜாரில் பாதிப் பேருக்குக் காட்டிவிட்டாள்.

நான் பதினோரு மணிக்கு பெஞ்சில் தனியாக உட்கார்ந்தேன். முழுப் பேப்பரும் எனக்கே. கயிற்றுக் கடையை அவர் தம்பி பார்த்துக்கொண்டார். தம்பி விளையாட்டுப் பக்கம் தவிர எதையும் படிக்காத நல்ல மனுஷன். எதிர்க்க ஆள் இல்லாமல் போனதும் எனக்குச் சொந்தமாக என்ன கருத்து இருக்கிறது என்று முதல் தடவையாகத் தெரிய வந்தது. பெரும்பாலும் அது சேட்டனுடைய கருத்தாக இருந்தது. அந்த யுத்தம்கூட எண்ணெய்க்காகத்தான். எனக்கு அன்றைக்கே தெரியும்.

போனில் பிடித்தால் சேட்டன் அரசியலே பேச மாட்டேன் என்கிறார். மகள் வீட்டில் எல்லாச் சாமானும் பேசுமாம். "விளக்கை அணைன்னு சொன்னா அணையுது அண்ணாச்சி. அப்போ அது கேட்டுக்கிட்டுத்தானே இருக்கு?" என்றார் ரகசியக் குரலில். பனி எவ்வளவு பெய்தது, குழந்தை எத்தனை தடவை தும்மியது, பாத்திரம் கழுவும் மிஷினில் உருளியை வைக்கலாமா என்பதுதான் பேச்சு. நான் வேண்டுமென்றே அந்த நாட்டைப் பாராட்டி நீளமாக எழுதி அனுப்புவேன். ஒரு கட்டைவிரல் பொம்மை திரும்பி வரும். எனக்கு அந்தக் கட்டைவிரலைக் கண்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

ஐந்தாவது மாதம் அவருடைய தம்பி கடை வாசலில் நின்று சொன்னார், மகள் இனி அங்கேயே இருந்துவிடச் சொல்கிறாளாம். அதற்கும் ஏதோ படிவம் இருக்கிறதாம். நான் சரி என்று தலையாட்டிவிட்டு, ஒரு வாடிக்கையாளருக்கு முக்கால் இஞ்சுக்குப் பதிலாக ஒரு இஞ்ச் போல்ட் கொடுத்து அனுப்பினேன்.

அன்றைக்கு பெஞ்சில் உட்கார்ந்து அவருக்கு எழுதினேன். வழக்கம்போலத்தான்: அந்த நாடு செய்ததெல்லாம் சரி, அந்த யுத்தமும் சரி, எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கட்டைவிரல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறார் என்று போன் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. பிறகு ஒரே ஒரு வரி வந்தது.

"அண்ணாச்சி சொன்னது சரி."

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஜெயித்திருக்கிறேன். ஆனால் சேட்டன் தோற்கிற ஆள் இல்லையே. உடம்புக்கு ஏதாவது முடியவில்லையா? மனசு விட்டுவிட்டதா? அங்கே என்ன மணி என்றுகூடப் பார்க்காமல் கூப்பிட்டேன்.

"சேட்டா, என்ன ஆச்சு? எதுக்கு ஒத்துக்கிட்டீங்க?"

அந்தப் பக்கம் குழந்தை சிணுங்கும் சத்தம். பிறகு அவர் குரல், ரகசியம் இல்லாமல், விளக்குக்கும் கேட்கும்படி.

"ஒத்துக்கிட்டவன் அல்லே சாயா வாங்கணும்? மோளுகிட்ட திரும்பிப் போறேன்னு பறஞ்சாச்சு. அடுத்த மாசம் பதினொரு மணிக்கு பெஞ்சில இருங்க. ரெண்டு சாயா என்ட கணக்கு."

டீக்கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெஞ்சை விட்டு எழுந்து நின்றேன்.

"அதெப்படி?" என்றேன். "அந்த யுத்தம் எண்ணெய்க்காகத்தான். நீங்க சொன்னதுதான் சரி. டீ நான்தான் வாங்கணும்."

"இல்ல அண்ணாச்சி, நானாக்கும் ஆத்யம் ஒத்துக்கிட்டது."

"நான் மனசுக்குள்ள அஞ்சு மாசம் முன்னாலயே ஒத்துக்கிட்டேன்!"

"மனசில உள்ளது செல்லாது!"

அதில் முக்கால் மணி நேரம் போயிற்று. இன்னும் முடிவாகவில்லை.